லாச்சப்பலில் ஒரு கிளாரன்சூ

ஊருக்குத் தொலைபேசி எடுத்து அந்தக் கேள்வியை நான் ஏன் கேட்டேன்? தம்பி, மூன்று கிழமைக்கு முன்னர் சமையலறை வாசலில் நின்றுகொண்டு நீ என்னிடம் இதைத்தான் கேட்டாய். நான் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன். "பூர்க்குவா, அம்மா?" என்று முதலில் பிரெஞ்சில் கேட்டாய். பிறகு, எனக்கு விளங்காமல் போய்விட்டதோ என்பதுபோல, "ஏன் கேட்டனீங்கள்?" என்று தமிழில் கேட்டாய். துடைத்த இடத்தையே நான் திரும்பவும் துடைத்தேன். நீ பையை எடுத்துக்கொண்டு ஆர்ஜொந்தெய்யில் இருக்கும் உன் நண்பனின் அறைக்குப் போய்விட்டாய். பதில் கிடைத்ததும் எழுதலாம் என்று அன்றிலிருந்து காத்திருந்தேன். கிடைக்கவில்லை. நாளை உனக்கு மெரியில், நகரசபை மண்டபத்தில், பதிவுத் திருமணம். அதனால் பதில் இல்லாமலே எழுதுகிறேன்.

தமிழை நீ எழுத்தெழுத்தாகக் கூட்டித்தான் வாசிப்பாய் என்று தெரியும். சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளிக்கு இழுத்துக்கொண்டு போனதற்காக நீ என்னை இன்னும் மன்னிக்கவில்லை. பிரெஞ்சில் எழுதினால் உனக்குச் சுலபம். எனக்கும் சுலபம், அதுதான் பிரச்சினை. பிரெஞ்சில் நான் நல்ல பெண். நூலகத்தில் வேலை செய்கிற, எதையும் சந்தேகத்தோடு பார்க்கிற, எல்லோரையும் ஒரேமாதிரி நடத்துகிற பெண். அந்தக் கேள்வியை நான் தமிழில்தான் கேட்டேன். நீ வேண்டாம் என்று சொல்லாவிட்டால், பாரிஸ் லாச்சப்பல் தெருவின் தமிழ்க் கடைகளில் இலவசமாகக் கிடைக்கும் மாத இதழுக்கும் இதைக் கொடுக்கப்போகிறேன். வீட்டு விடயத்தைத் தெருவுக்குக் கொண்டுபோகிறாய் என்று உன் அப்பா சொல்வார். தெருவில் வைத்துச் சொல்லவேண்டிய விடயம் என்று நான் ஏன் நினைக்கிறேன் என்பதைப் பின்னால் சொல்கிறேன். உன் பெண்ணை இதில் செலின் என்று அழைக்கிறேன். அது அவளுடைய பெயரல்ல என்பது உனக்கும் எனக்கும் தெரிந்தால் போதும்.

முதலில் நடந்தது. நீயும் செலினும் திகதி வைத்த பிறகு ஒருநாள் பின்னேரம் நான் யாழ்ப்பாணத்தில் இருக்கும் என் மச்சாளுக்குத் தொலைபேசி எடுத்தேன். கலியாணச் செய்தியைச் சொல்லத்தான் எடுத்தேன். அது உண்மை. "பெட்டை வடிவோடி?" என்று மச்சாள் கேட்டாள். "வடிவு. நல்லாய்ப் படிச்சவள். தகப்பன் இஞ்சை ஸ்தேன் பக்கம் பஸ் ஓட்டுறார்" என்றேன். "ஊரிலை எவடம்?" என்றாள். மன்னார்ப் பக்கத்தில் அவர்களுடைய ஊரைச் சொன்னேன். "அங்கை எந்தக் கோயில்?" என்றாள். எங்களைப் போன்ற கத்தோலிக்கர்களிடம் எந்தக் கோயில் என்று கேட்பதன் பொருள், நீ இங்கே பிறந்தவன் என்பதால் உனக்குத் தெரியாமல் இருக்கலாம். எந்தக் கோயிலுக்குப் போகிறவர்கள் என்று தெரிந்தால் எந்தச் சாதி என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். சாதி என்ற சொல்லை யாரும் வாயால் சொல்லவேண்டியதில்லை. அந்த இடத்தில் நான் கதையை மாற்றியிருக்கலாம். "அதைத்தான் எனக்கும் தெரியேல்லை. அவை என்ன ஆக்கள் எண்டு ஒருக்கா விசாரிச்சுச் சொல்லன்" என்றேன். என் குரல் சாதாரணமாக இருந்தது. மரக்கறி விலை கேட்பதுபோல இருந்தது.

மச்சாள் அவர்களுடைய ஊர்க் கோயில் உபதேசியாரிடம் விசாரித்தாள். உபதேசியார் செலினின் பெரியப்பாவுக்கே நேரே தொலைபேசி எடுத்து, "பாரிசிலையிருந்து உங்கடை வேரைக் கிண்டினம்" என்று சொல்லிவிட்டார். பெரியப்பா ஸ்தேனுக்கு எடுத்தார். எனக்குப் பதில் வந்து சேர்வதற்கு முன்பே செலினின் அப்பாவுக்கு என் கேள்வி போய்ச் சேர்ந்துவிட்டது. பிறகு மச்சாளின் பதிலும் வந்தது. அவள் என்ன சொன்னாள் என்பதை இங்கே எழுதமாட்டேன். கேட்டபோது எனக்கு நிம்மதியாக இருந்ததா, நெஞ்சு இறங்கியதா என்றும் எழுதமாட்டேன். எழுதினால் பதில் தெரிந்துவிடும். ஒன்று மட்டும் சொல்கிறேன், இரண்டில் ஒன்று நடந்தது. எதுவும் தோன்றாமல் இருந்தது என்று சொல்ல எனக்கு ஆசை. சொல்ல முடியாது.

செலினின் அப்பா எனக்கு எடுக்கவில்லை. உன் அப்பாவுக்கு எடுத்தார். அப்பா ஒலிபெருக்கியில் போட்டார், நானும் கேட்டேன். "அண்ணை, பிள்ளையை நான் மனசாரத் தாறன். அதிலை ஒரு மாற்றமும் இல்லை. ஆனால் மெரிக்கு நான் வரேல்லை" என்றார். "ஏன் தம்பி அப்பிடிச் சொல்லுறியள்?" என்று அப்பா கேட்டார். "உங்கடை வீட்டிலை என்னைப் பாக்காமலே பாத்து முடிச்சிட்டினம். பிறகு நான் வந்து நிண்டு என்னத்தைக் காட்டுறது?" கோபமில்லாத குரல். தலைக்கு மேல் வேலை இருக்கிறது என்று சொல்லி மறுக்கும் ஆளின் குரல்போல இருந்தது. அடுத்த மாதம் கோயில் கலியாணத்தில் மகளைக் கைபிடித்து அழைத்துவருவாரா என்று கேட்க அப்பாவுக்கு வாய் வரவில்லை. தொலைபேசியை வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்து, "கிளாரன்சூவுக்குச் சந்தோசமோ?" என்றார்.

இருபது வருடத்துக்கு மேலாக அவர் என்னைச் சீண்டுவதற்குப் பாவிக்கிற பெயர் அது. அன்றைக்குத்தான் முதல்தடவை அதில் சிரிப்பு இல்லை.

அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று உனக்கு அரைகுறையாகத் தெரியும். யாழ்ப்பாணத்தில் வரலாறு படிக்கத் தொடங்கிப் பாதியில் விட்டு வந்தவள் நான். நீ சிறு பிள்ளையாக இருந்தபோது இங்கே பல்கலைக்கழகத்தில் அதைத் தொடர்ந்தேன். என் பிரெஞ்சு அப்போது போதாது. ஆங்கில மூலங்களை வைத்து எழுதக்கூடிய விடயம் ஒன்றை எடு என்று பேராசிரியர் சொன்னார். அப்படித்தான் இங்கிலாந்தின் கட்டியக்காரர்களிடம் போய்ச் சேர்ந்தேன். அரசனுக்கு முன்னால் நடந்து பட்டங்களைக் கூவுகிறவர்கள், ஈட்டிப் போட்டியில் கேடயத்தின் சின்னத்தைப் பார்த்து இவர் இன்னார் என்று சொல்கிறவர்கள். இவர்களில் மூத்தவர்களுக்கு ராஜா என்றே பட்டம். ட்ரென்ட் என்ற ஆற்றுக்குத் தெற்கே உள்ள இங்கிலாந்துக்குப் பொறுப்பான ராஜாவின் பட்டப்பெயர் கிளாரன்சூ. ஆற்றுக்கு வடக்கே வேறொருவர். ராஜா என்று பெயர், தலைக்குக் கிரீடமும் உண்டு, ராச்சியம் மட்டும் கிடையாது. குடும்பங்களின் சின்னங்கள்தான் அவருடைய ராச்சியம்.

பதினாறாம் நூற்றாண்டில் அரசன் இவர்களிடம் ஒரு புதிய வேலையை ஒப்படைத்தான். மாவட்டம் மாவட்டமாகப் போ, குலச்சின்னம் வைத்திருக்கிறவர்களைக் கூப்பிடு, அதற்கு அவர்களுக்கு உரிமை உண்டா என்று விசாரி. கிளாரன்சூ ஒரு நகரத்துக்கு வந்து சத்திரத்தில் தங்குவார். அந்த மாவட்டத்தில் தங்களைக் கனவான் என்று சொல்லிக்கொள்கிற எல்லோருக்கும் அழைப்பு போகும். பழைய காணி உறுதிகளையும் முத்திரைகளையும் தூக்கிக்கொண்டு அவர்கள் வந்து வரிசையில் நிற்பார்கள். பாட்டன் யார், பூட்டன் யார், எங்கே பெண் எடுத்தான். நிரூபித்தவர்களின் வம்சம் பதியப்படும். நிரூபிக்க முடியாதவர், நான் கனவான் அல்லன் என்று தன் கையாலேயே எழுதிக் கொடுக்கவேண்டும். அதற்குப் பிறகு அவருடைய பெயரைச் சந்தையில் கூவுவார்கள். உரிமையில்லாத சின்னத்தை ஜன்னல் கண்ணாடியில் கண்டாலும் கல்லறையில் கண்டாலும் அழிக்கவும் உடைக்கவும் கட்டியக்காரர்களுக்கு அதிகாரம் இருந்தது. செத்தவனின் கல்லறையிலும். காசு வாங்கிக்கொண்டு இல்லாத பாட்டன்களை உண்டாக்கிக் கொடுத்தவர்களும் அந்த உத்தியோகத்தில் இருந்தார்கள்.

நான் இதையெல்லாம் இரவுச் சாப்பாட்டில் உன் அப்பாவுக்குச் சொல்வேன். அவர் புட்டைக் குழைத்துக்கொண்டே, "உது எங்கடை கலியாணப் புரோக்கர்மாற்றை வேலையெல்லோ? உதைப் படிக்க ஏன் பாரிசுக்கு வரவேணும்? மச்சாளிட்டை கேட்டிருக்கலாமே" என்றார். நான் கோபித்துக்கொண்டேன். ஆய்வை அவர் மலினப்படுத்துகிறார் என்று நினைத்தேன். அவர் சொன்னது சரியான ஆய்வுக் குறிப்பு என்பது இப்போதுதான் விளங்குகிறது. அன்றிலிருந்து நான் கிளாரன்சூ.

என் அப்பா ஊரில் பாடசாலை அதிபராக இருந்தவர். அவருக்குத் தெரியாத குடும்பம் இல்லை என்று பெயர். கலியாணம் பேசுகிறவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்து, இன்ன இடத்தில் ஒரு சம்பந்தம் வந்திருக்கிறது, உங்களுக்குத் தெரிந்திருக்குமே என்று இழுப்பார்கள். அவர் இரண்டு பதில்தான் வைத்திருந்தார். ஒன்று, "நல்ல ஆக்கள்." மற்றது, மழையைப் பற்றிய பேச்சு. இந்த வருடம் மழை பிந்திவிட்டது என்று அவர் தொடங்கினால் வந்தவர்கள் தேநீரைக் குடித்துவிட்டு எழும்பிவிடுவார்கள். என் அப்பா யாரையும் ஒரு சொல் குறைவாகப் பேசியதில்லை என்று நான் வளர்ந்த பிறகும் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன். உன் அப்பாவையும் அவர் விசாரித்துத்தான் என்னைக் கொடுத்தார். "நான் பாஸ் பண்ணினவன்" என்று உன் அப்பா விருந்தினர்களுக்கு முன்னால் நெஞ்சை நிமிர்த்துவார். எல்லோரும் சிரிப்போம். பாஸ் பண்ணாதவர்கள் எங்கே போனார்கள் என்று அந்த மேசையில் யாரும் கேட்டதில்லை.

அந்தப் பழக்கம் என்னோடு விமானம் ஏறி வந்தது என்பதை நான் ஒப்புக்கொள்ளவேண்டும். ஒருமுறை, நீ அப்போது பன்னிரண்டு வயதில் கொலேஜில் படித்துக்கொண்டிருந்தாய், எங்கள் தெருவில் இருந்த ஒரு பெண் வீட்டுக்கு வந்தாள். தங்கைக்கு ஓல்னேயில் ஒரு சம்பந்தம் பேசுகிறார்கள், பையனின் ஊர் இன்னது என்றாள். "உங்கடை ஐயாவுக்குத் தெரியாத ஆக்களோ? நீங்கள் ஒரு சொல்லுச் சொல்லுங்கோ அக்கா." இதெல்லாம் நான் பார்ப்பதில்லை என்று சொல்லியிருக்கலாம். நான் தேநீரைக் கலக்கினேன். சீனி கரைந்த பிறகும் கலக்கினேன். "ஓமக்கா, விளங்குது" என்று அவள் எழும்பினாள். அந்தச் சம்பந்தம் நடக்கவில்லை. நான் ஒன்றுமே சொல்லவில்லை என்றுதான் இவ்வளவு காலமும் எனக்குச் சொல்லிக்கொண்டேன். அப்பா மழையைப் பற்றியாவது பேசினார்.

இப்போது நீ எனக்கு எறிந்த கல்லுக்கு வருகிறேன். நீ சின்ன வகுப்பில் படித்தபோது ஆசிரியை எல்லாப் பிள்ளைகளுக்கும் குடும்பச் சின்னம் வரைந்துகொண்டு வரச் சொன்னார். என் மேசையில் கிடந்த பிரதிகளில் சிங்கங்களையும் கழுகுகளையும் பார்த்துப் பழகியவன் நீ. "அம்மா, எங்கடை சின்னம் என்ன?" என்று கேட்டாய். "எங்களுக்கு அப்பிடி ஒண்டும் இல்லை, அப்பன். அதுகள் தங்களைப் பெரிசெண்டு நினைக்கிற ஆக்களுக்கு" என்றேன். நீ கொஞ்சம் ஏமாந்துபோனாய். பிறகு நீயாக ஒரு கேடயத்தை வரைந்து நான்காகப் பிரித்தாய். ஒன்றில் எங்கள் ஜன்னலுக்குத் தெரிகிற மெத்ரோ பாலம், ஒன்றில் அப்பாவின் வெள்ளை வான், ஒன்றில் புட்டு அவிக்கிற கூம்பு வடிவ நீத்துப்பெட்டி, ஒன்றில் புத்தகம் வாசிக்கிற நான். நீத்துப்பெட்டியைப் பார்த்துவிட்டு ஆசிரியை, இது அரசனின் தொப்பியா என்று கேட்டாராம். அந்தப் படத்தைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வைத்திருந்தேன். வீட்டுக்கு வருகிறவர்களிடம் காட்டி, என் பிள்ளைக்கு இந்த நோய் இல்லை, எங்கள் வீட்டில் இது என்னோடு முடிந்துவிட்டது என்ற எண்ணத்தில் மகிழ்ந்திருக்கிறேன். மூன்று கிழமைக்கு முன்னர் பையைத் தோளில் போட்டுக்கொண்டு நீ சொன்ன கடைசி வசனம் இது: "நீங்கள்தானே எங்களுக்கு அப்பிடி ஒண்டும் இல்லை எண்டு சொன்னனீங்கள்."

நான் உனக்குப் பொய் சொல்லவில்லை, தம்பி. அதைச் சொன்னபோது நம்பித்தான் சொன்னேன். இதை நான் எனக்குச் சாதகமாகச் சொல்லவில்லை.

செலின் முதன்முதல் வீட்டுக்கு வந்த நாள் நினைவிருக்கிறதா? தொலைக்காட்சியில் லண்டன் முடிசூட்டு விழாவின் பழைய காட்சிகள் போய்க்கொண்டிருந்தன. சிவப்பும் நீலமும் பொன்னுமாகத் தைத்த மேலங்கிகளோடு கட்டியக்காரர்கள் வரிசையாக நடந்தார்கள். "சீட்டுக்கட்டிலையிருந்து எழும்பி வந்த ராசா மாதிரி இருக்கினம்" என்றார் அப்பா. அதோ, அந்தக் கூட்டத்தில்தான் என் ஆள் போவார் என்று நான் செலினுக்குச் சொன்னேன். பதினேழாம் நூற்றாண்டின் முடிவோடு அரசர்கள் அந்த விசாரணை ஆணையைக் கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள், பிறகு கிளாரன்சூவுக்கு ஊர்வலமும் சின்னம் வழங்குகிற வேலையும் அந்த மேலங்கியும்தான் மிச்சம் என்றேன். "முந்தி ஊர் ஊராய்ப் போய் ஆக்களை விசாரிச்சவை" என்றேன். "அப்ப எங்கடை சனம் மாதிரித்தான்" என்று அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். அவள் என்னை நம்பித்தான் அப்படிச் சொன்னாள். அந்தச் சிரிப்பை நினைக்கும்போதுதான் எனக்கு எழுந்து வேறு அறைக்குப் போகவேண்டும் போலிருக்கிறது.

ஆய்வில் நான் பெருமைப்பட்ட பகுதி ஒன்று உண்டு. பெரிய கண்டுபிடிப்பு அல்ல, எனக்கு முன்னரும் சொல்லியிருக்கிறார்கள். அழைப்புப் போன பலர் வரவே இல்லை என்பதுதான் அது. உரிமை இல்லாததால் வராதவர்கள் இருந்தார்கள், கட்டணம் கொடுக்க மனமில்லாதவர்களும் இருந்தார்கள். ஆனால் எல்லா உரிமையும் இருந்தும் சத்திரத்து வாசலில் போய் நிற்க விரும்பாத சிலரும் இருந்திருக்கவேண்டும் என்று எழுதினேன். நான் யார் என்பதை உனக்கு வந்து காட்டமாட்டேன் என்று வீட்டிலேயே இருந்துவிட்டவர்கள். கிளாரன்சூவின் அதிகாரம் அவருடைய மேலங்கியில் இல்லை, வரிசையில் வந்து நின்றவர்களிடம்தான் இருந்தது என்று அந்த அத்தியாயத்தை முடித்தேன். பேராசிரியர் ஓரத்தில் "நன்று" என்று எழுதினார். ஸ்தேனில் பஸ் ஓட்டுகிற ஒருவர், நான் அழைப்பு அனுப்பியதை அறிந்து, வரமாட்டேன் என்று சொன்ன அன்றைக்கு எனக்கு அந்த அத்தியாயம் நினைவுக்கு வந்தது. நான் எழுதும்போது வராதவர்களின் பக்கம் நின்று எழுதினேன். வாழும்போது சத்திரத்துக்குள் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன்.

இன்னொன்றும் அந்த நாட்களில் பார்த்தேன், ஆய்வில் சேர்க்க இடம் வரவில்லை. அந்த ராஜாக்களின் கிரீடத்தைச் சுற்றி லத்தீனில் ஒரு வரி பொறித்திருக்கும். ஆட்சியைப் பற்றியோ புகழைப் பற்றியோ அல்ல. இரங்கும்படி கடவுளிடம் கேட்கிற வரி. தவக்காலத்தில் எங்கள் கோயிலில் எல்லோரும் சேர்ந்து சொல்வோமே, அதே வேண்டுதல். மனிதர்களைத் தரம் பிரிக்கிற உத்தியோகத்தின் தலையில் இதைப் பொறிக்கவேண்டும் என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது. அப்போது அது எனக்கு வேடிக்கையாக இருந்தது. நான் அவ்வளவு பக்தி உள்ளவள் அல்ல என்று உனக்குத் தெரியும். போன ஞாயிறு கோயிலில் அந்த வரியைச் சொல்ல முடியாமல் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

செலினின் அப்பாவைப் பற்றி நீ என்னிடம் ஒன்றுதான் கேட்டாய். "அவரிட்டை நீங்களே போய்க் கதையுங்கோ." நான் போகவில்லை. நேற்று ஸ்தேனுக்கு பஸ் ஏறினேன். ஏறிய பிறகுதான், இதை ஓட்டுகிறவர் அவராக இருந்தால் என்ன செய்வது என்று பயம் வந்தது. அவர் இல்லை, ஓர் இளம் பெண் ஓட்டினாள். ஆனாலும் பாதியில் இறங்கித் திரும்பிவிட்டேன். அவர் வீட்டு வாசலில் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. நூலகத்தில் யாருக்கும் எதையும் விளக்கிவிடுவேன். இதற்கு விளக்கம் கேட்பார்களோ என்று பயந்தேன்.

கலியாணம் செய்யப்போகிற மகனுக்கு அம்மா ஏதாவது புத்தி சொல்லவேண்டும் என்பார்கள். சொல்லும் தகுதி எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை, ஆனாலும் சொல்கிறேன். ஒருவரைப் பற்றி அறிய ஆசையாக இருந்தால் அவரிடமே போய்க் கேள். அவரிடம் கேட்க வெட்கமாக இருக்கிற கேள்வி என்றால், அதை வேறு யாரிடமும் கேட்காதே. செலினோடு கோபம் வந்தால் வாய்விட்டுச் சண்டை பிடி. மழையைப் பற்றிப் பேசாதே, தேநீரைக் கலக்காதே. எங்கள் குடும்பத்தில் மௌனத்தைப் பண்பு என்று சொல்லி வளர்த்தார்கள், அதை நீ நம்பாதே. உனக்குப் பிள்ளை பிறந்து, எங்கடை சின்னம் என்ன என்று கேட்டால், அப்படி ஒன்றும் இல்லை என்று என்னைப்போலச் சொல்லிவிடாதே. இருந்தது, அதை வைத்துச் சிலரை வாசலில் நிறுத்தினோம், உன் அப்பம்மா இன்னாரை நிறுத்தினாள் என்று சொல்.

இதை ஏன் இதழுக்குக் கொடுக்கிறேன் என்று சொல்லவேண்டும். அந்தக் காலத்தில் நிரூபிக்க முடியாதவனின் பெயரைத்தான் சந்தையில் கூவினார்கள். விசாரித்தவனின் பெயரை ஒருவரும் கூவவில்லை. லாச்சப்பல் எங்களுக்குச் சந்தைதான். மரக்கறிக் கடைக்கும் நகைக் கடைக்கும் நடுவில் நின்றுகொண்டு, "அவை என்ன ஆக்கள்?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்கிற எத்தனையோ பேரை எனக்குத் தெரியும், அவர்களுக்கும் என்னைத் தெரியும். என் கையாலேயே எழுதிக் கொடுக்கிறேன்: நான் நினைத்துக்கொண்டிருந்த பெண் நான் அல்ல.

நாளை மெரிக்கு வருவேன். நீ என்னோடு பேசாவிட்டாலும் வருவேன். அவர் வருவாரா என்பதுதான் எனக்குத் தெரியாது. வந்தால் எல்லோருக்கும் முன்னால் சொல்வேன் என்று இப்போது எழுதுகிறேன். எழுதுவது எனக்கு எப்போதும் சுலபம்.

*

சனிக்கிழமை, பின்னேரம். நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

அவர் வரவில்லை. முன்வரிசையில் செலினின் அம்மா தனக்குப் பக்கத்துக் கதிரையில் கைப்பையை வைத்திருந்தார். யாராவது உட்கார வந்தால், "ஆள் வருது" என்றார். மூவர்ணப் பட்டி அணிந்த அதிகாரி வந்ததும் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார், கதிரை வெறுமையாக இருந்தது. அதிகாரி வாசித்தார், இன்னாரின் மகன், இன்னாரின் மகள், பெற்றோரின் பெயர், தொழில். யாரையும் அளக்காமல் எல்லோரையும் ஒரே குரலில் வாசித்தார். செலினின் அப்பாவின் பெயர் வந்தபோது நீ திரும்பி என்னைப் பார்த்தாய். நான் கீழே பார்க்காமல் உன்னைப் பார்த்தேன், அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

படியில் படம் எடுக்கும்போது செலினின் அம்மாவிடம் கேட்டேன். "இண்டைக்கு லீவு எடுத்து வைச்சிருந்தவர். முந்தநாள் திருப்பிக் குடுத்திட்டார். இப்ப ஓடிக்கொண்டிருப்பார்" என்று சொல்லி, பஸ் இலக்கத்தையும் சொன்னார். எதற்கு என்று கேட்கவில்லை. சாப்பாட்டில் கேக் வெட்டும்போது நீ என்னைத் தேடியிருப்பாய். நான் பட்டுச்சேலையோடு அந்த பஸ் தரிப்பிடத்தில் நின்றேன். இரண்டு பஸ்களை விட்டேன். மூன்றாவதில் அவர் இருந்தார்.

"போன்ழூர், மதாம்" என்றார், ஏறுகிற எல்லோருக்கும் சொல்வதுபோல. நான் அட்டையைத் தட்டிவிட்டு முன்னால் உட்கார்ந்தேன். ஓட்டுநருடன் பேசவேண்டாம் என்று அவருடைய தலைக்கு மேல் எழுதியிருந்தது. கடைசித் தரிப்பு வரை பேசவில்லை. எல்லோரும் இறங்கிய பிறகு எழுந்து பக்கத்தில் போய் நின்றேன்.

"நான்தான்" என்றேன்.

"தெரியும்" என்றார். கண்ணாடியைத்தான் பார்த்தார்.

"உங்களைப் பற்றி ஊரிலை விசாரிச்சது நான். ஏன் கேட்டனான் எண்டு எனக்கே தெரியேல்லை. பிழை என்னிலைதான். உங்களிட்டை மன்னிப்புக் கேக்க வந்தனான்."

அவர் கண்ணாடியிலிருந்து பார்வையை எடுத்தார். "என்ரை பேரையும் வாசிச்சவையோ?" என்றார்.

"ஓம். தொழிலையும் வாசிச்சவை."

"சரியாய் வாசிச்சவையோ?"

"தொழிலைச் சரியாய் வாசிச்சவை."

வாயின் ஓரம் கொஞ்சம் அசைந்தது. "பிள்ளை அழுதவளோ?"

"கையெழுத்து வைக்கேக்கை."

"படம் இருக்கோ?"

தொலைபேசியைக் கொடுத்தேன். எஞ்சினை நிறுத்தினார். மகளின் முகத்தை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். அடுத்த படத்துக்குப் போனார், அதையும் பெரிதாக்கினார். மண்டபத்தை முழுவதாக எடுத்த படத்தில் நின்றுவிட்டார். "இந்தக் கதிரை?" என்றார்.

"உங்களுக்கு வைச்சது."

தொலைபேசியைத் திருப்பித் தந்தார். கண்ணைத் துடைக்கவில்லை, ஆனால் எஞ்சினை உடனே போடவும் இல்லை. பிறகு, "இது கடைசித் தரிப்பு. இறங்கவேணும்" என்றார். இறங்கினேன். கதவை மூடாமல், "எதிர்ப்பக்கம் போய் நில்லுங்கோ. நான்தான் திருப்பிக்கொண்டு வருவன்" என்றார்.

எதிர்ப்பக்கம் போய் நின்றேன். பஸ் சுற்றிக்கொண்டு வந்தது. கதவு திறந்தது, அட்டையைத் தட்டினேன். இந்த முறை அவர் போன்ழூர் சொல்லவில்லை. தெரிந்த ஆளுக்கு ஆட்டுவதுபோலத் தலையை ஒருமுறை ஆட்டினார்.